பழைய கிளாரினெட்டின் முகத்தைத் தேய்க்கலாமா?

கிளாரினெட் நம் மண்ணில் பிறந்த வாத்தியம் அன்று. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில், ஏறத்தாழ 1700ஆம் ஆண்டில், ஜோகன் கிறிஸ்டோஃப் டென்னர் என்ற கருவிக் கைவினைஞர் அதனை உருவாக்கினார் என்று இசை வரலாறு கூறும். ஆங்கிலேயரின் இராணுவ பேண்டுகளோடு அது இந்தியாவுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரிகளில் முகவீணை இருந்த இடத்தைப் பிடித்தது. பின்னர் திருச்சியைச் சேர்ந்த ஏ.கே.சி. நடராஜன் அதனைத் தனிக் கச்சேரி வாத்தியமாகவே உயர்த்தினார். 2008ஆம் ஆண்டின் சங்கீத கலாநிதி விருதும், 2022இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்குக் கிடைத்தன என்றால், அயல்நாட்டு வாத்தியம் ஒன்று நம்மிடம் எவ்வளவு தூரம் வேரூன்றிவிட்டது என்பது விளங்கும்.

1995 வரை திருச்சி மாவட்டத்திலேயே அடங்கியிருந்த பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களிலும் இந்த வாத்தியத்துக்கு நீண்ட காலமாகவே பிழைப்பு உண்டு. ஆனால் அது சபா மேடையில் அன்று. கலியாண ஊர்வலத்திலும், கோயில் திருவிழாவிலும், மாதா கோயில் தேர்ப்பவனியிலும் பேண்டு வாத்தியக் குழுவின் முன்வரிசையில். இவ்வாறு வாசிப்பவர்களிடம் உள்ள கிளாரினெட்டுகளில் சில இரண்டு, மூன்று தலைமுறை பழையவை. கட்டை அப்படியே இருக்கும். சாவிகளின் தோல் பட்டைகளை மாற்றிக்கொள்ளலாம். தகராறு செய்வது பெரும்பாலும் ‘மௌத்பீஸ்’ என்று அவர்கள் சொல்லும் ஊதுமுனைதான். அல்லது, தகராறு எதுவாயினும் பழி அதன் மேல் விழுகிறது. உடனே, “முகத்தைத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும்” என்ற வைத்தியமும் வந்துவிடுகிறது.

அரியலூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்த பேண்டு வாத்தியக்காரர் ஒருவர், தம் பாட்டனார் காலத்துக் கிளாரினெட்டை ஒரு முறை என்னிடம் கொண்டுவந்தார். அவர் மகன் எங்கள் கல்லூரி மாணவன். பௌதிக ஆசிரியருக்கு ஒலியியல் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை அவரை அழைத்துவந்தது. அவர் சொன்ன குறைகள் மூன்று. முன்னைவிட மூச்சு அதிகம் பிடிக்கிறது; மேல் ஸ்தாயியில் திடீர் திடீரென்று ‘கிறீச்’ என்று பிசிறு தட்டுகிறது; குழுவில் புதிதாகச் சேர்ந்த கீபோர்டுடன் சுருதி ஒட்டவே இல்லை.

“வாயக் கொஞ்சம் தொறந்து தேய்ச்சுட்டா மூணும் சரியாயிடும்னு பழுது பாக்குறவர் சொல்றாரு சார். தாத்தா வச்ச பீஸு. கெட்டுப்போச்சுன்னா வைகாசி முகூர்த்தமெல்லாம் போச்சு. நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

“அளந்து பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாதுங்க அண்ணே” என்றேன்.

இந்தக் கேள்விக்கு விடை காண, ஊதுமுனைக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

ஒரு நாக்கும் ஒரு வளைவும்

நாகசுரத்தின் சீவாளியில் இரண்டு நாக்குகள் ஒன்றையொன்று நோக்கி அதிர்கின்றன. கிளாரினெட்டில் ஒற்றை நாக்குதான். அதை ‘ரீடு’ என்பர். பிரான்சின் தென்பகுதியில் வார் என்னும் மாவட்டத்தில் விளையும் ஒருவகை நாணல் தட்டையிலிருந்து சீவி எடுக்கப்படுவது இது. நுனியில் அதன் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு நோட்டுப் புத்தகத் தாளின் கனம்.

ஊதுமுனையின் ஒரு பக்கத்தில் தட்டையான பரப்பு ஒன்று உண்டு. அதை மேடை என்போம். ரீடின் அடிப்பகுதி அந்த மேடையின் மீது வைக்கப்பட்டு ஒரு வளையத்தால் இறுக்கப்படுகிறது. மேடைக்கு முன்னால் ஒரு சாளரம். அதன் இரு மருங்கிலும் இரண்டு மெல்லிய கரைகள். மேடை தட்டையாக இருக்க, கரைகளோ நுனியை நெருங்க நெருங்க ரீடை விட்டு மெதுவாக விலகி வளைகின்றன. இந்த வளைவுதான் ‘முகம்’. அதன் நீளம் பொதுவாக 17 முதல் 20 மி.மீ.; நுனியில் ரீடுக்கும் ஊதுமுனைக்கும் உள்ள இடைவெளி சுமார் 1 மி.மீ. தான். கச்சேரியின் இன்பமும் துன்பமும் இந்த ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கின்றன.

ஊதும்போது ரீடு ஒரு வால்வு போல வேலை செய்கிறது. கிளாரினெட்டின் உட்புறம் ஏறக்குறைய ஒரே விட்டமுள்ள உருளை. ரீடு உள்ள முனையை மூடிய முனையாகவும், மறு முனையைத் திறந்த முனையாகவும் கொள்ளலாம். எனவே, பாடப்புத்தகத்தில் நாம் படிக்கும் ‘ஒரு முனை மூடிய குழாய்’ இதுவே. மேனாட்டுப் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் ஏறத்தாழ ஒரே நீளந்தான், சுமார் 66 செ.மீ. புல்லாங்குழலின் அடிச்சுரம் வினாடிக்கு 262 அதிர்வுகள். கிளாரினெட்டின் அடிச்சுரமோ 147. இரு முனையும் திறந்த குழாய்க்கும் ஒரு முனை மூடிய குழாய்க்கும் உள்ள வேற்றுமையை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறையில் எனக்கு அகப்பட்டதில்லை. அடிச்சுரம் வாசிக்கும்போது ரீடு ஒரு வினாடியில் 147 முறை திறந்து மூடி, குழாயிலுள்ள காற்றுக்குத் தாளம் தவறாமல் சக்தியை ஊட்டுகிறது.

மூச்சுக் கணக்கு

ஒரு சாதாரணக் குழாயில் அழுத்தத்தைக் கூட்டினால் பாயும் காற்றும் கூடும். ரீடு அப்படிப்பட்டதன்று. வாயின் அழுத்தம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, இடைவெளி வழியாகக் காற்றைத் தள்ளுகிறது. மற்றொன்று, ரீடை ஊதுமுனையின் மீது அழுத்தி அதே இடைவெளியைக் குறுக்குகிறது. ஓர் அளவுக்கு மேல் ஊதினால் இடைவெளி முழுவதும் அடைபட்டுக் காற்றே போகாது. அந்த அழுத்தத்தை மூடும் அழுத்தம் என்போம்.

இதை எண்களால் பார்க்கலாம். மூடும் அழுத்தம் 9 அலகு என்று வைத்துக்கொள்வோம். நாம் கொடுக்கும் அழுத்தத்தை 9இலிருந்து கழித்தால் வருவது, மீதமிருக்கும் இடைவெளியைக் குறிக்கும். காற்றின் வேகமோ அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டையும் பெருக்கினால் பாயும் காற்றின் அளவு கிடைக்கும். அழுத்தம் 1 எனில், 8ஐ 1ஆல் பெருக்க 8. அழுத்தம் 3 எனில், 6ஐ 1.73ஆல் பெருக்க 10.4. அழுத்தம் 4 எனில், 5ஐ 2ஆல் பெருக்க 10. அழுத்தம் 6¼ எனில், 2¾ஐ 2½ஆல் பெருக்க ஏறத்தாழ 6.9. அழுத்தம் 9 ஆனால் பூச்சியம்.

3 அலகு வரை காற்று கூடிக்கொண்டே போய், அதற்குப் பின் குறையத் தொடங்குவதைக் கவனியுங்கள். அழுத்தம் கூடக் கூட ஓட்டம் குறையும் இந்தப் பகுதியில்தான் ரீடு அலையைத் தாங்கிப் பிடிக்கும் வல்லமை பெறுகிறது. குழாயில் நிகழும் இழப்புகளைச் சற்றே மறந்துவிட்டால், மூடும் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்போது கிளாரினெட் பேசத் தொடங்குகிறது. அதற்குக் கீழே வெறும் ‘உஸ்’ என்ற காற்றொலிதான்.

சரி, மூடும் அழுத்தத்தை நிர்ணயிப்பவை எவை? ரீடு எவ்வளவு விறைப்பானது என்பது ஒன்று. அது எவ்வளவு தூரம் வளைந்தால் மூடும் என்பது, அதாவது நுனி இடைவெளி, மற்றொன்று. மூடும் அழுத்தம் இவ்விரண்டின் பெருக்கற்பலனைப் போல மாறும். எனவே, ஊதுமுனையின் வாயைத் திறந்தால் மூச்சுத் தேவை குறையாது, கூடும். 1.05 மி.மீ. இடைவெளியை 1.25 ஆக்கினால், ரீடு அதேதான் என்றால், மூச்சு ஏறத்தாழ 19 சதவீதம் அதிகம் வேண்டியிருக்கும். நண்பரின் முதற் குறைக்குச் சொல்லப்பட்ட வைத்தியம், நோயை வளர்க்கும் வைத்தியமாக இருந்தது!

பெருக்கற்பலன் என்பதால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. இடைவெளியைப் பத்து சதவீதம் குறைத்தால் மூச்சு எவ்வளவு இலேசாகுமோ, கிட்டத்தட்ட அதே அளவு இலேசு, விறைப்பில் பத்து சதவீதம் குறைந்த ரீடைப் போட்டாலும் கிடைக்கும். ரீடுகள் 2, 2½, 3, 3½ என்று விறைப்பின்படி எண்ணிடப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. சரிப்படவில்லை என்றால் கழற்றி வைத்துவிடலாம். ஊதுமுனையிலிருந்து தேய்த்து எடுத்த எபொனைட்டை மறுபடி ஒட்டவைக்க முடியாது. ஆகவே, ரீடை மாற்றித் தீரக்கூடிய எந்தக் குறைக்காகவும் ஊதுமுனையைத் தொடக் கூடாது என்பது என் கட்சி.

இரண்டும் முற்றிலும் ஒன்றே என்று சொல்லவில்லை. அகன்ற வாயும் மென்மையான ரீடும் சேர்ந்தால், இதழின் அழுத்தத்தைக் கொண்டு சுரத்தை வளைக்க இடம் அதிகம். ஜாஸ் வாசிப்பவர்கள் அதனால் அகன்ற வாயை விரும்புகின்றனர். மேனாட்டுச் செவ்வியல் இசைக்குழுக்களில் குறுகிய வாயே பெரும்பாலும் வழக்கம். கமகம் பிடிக்க வேண்டிய நம் வாசிப்புக்கு வளைவு வேண்டும் என்று ஒருவர் வாயைத் திறக்கச் சொன்னால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்குப் புதிய ஊதுமுனை ஒன்றை வாங்கித் திறந்து பார்க்கட்டும், பாட்டனாருடையதை அன்று.

சோதனைச்சாலையில் ஒரு சிறு பரிசோதனை செய்தோம். ‘U’ வடிவக் கண்ணாடிக் குழாயில் நீரை நிரப்பி, அதனுடன் இணைத்த மெல்லிய ரப்பர் குழாயை அவருடைய கடைவாயில் செருகி, வாசிக்கச் சொன்னோம். கிளாரினெட் வாசிப்பவரின் வாய் அழுத்தம் பொதுவாக 3 முதல் 5 கிலோபாஸ்கல், அதாவது 30 முதல் 50 செ.மீ. நீர்மட்ட வேறுபாடு, இருக்கும். அவர் பயன்படுத்திவந்த 3½ எண் ரீடில், சுரம் பிறக்கவே 34 செ.மீ. தேவைப்பட்டது. மாணவன் திருச்சியிலிருந்து வாங்கிவந்த 2½ எண் ரீடில் 22 செ.மீ.யிலேயே பேசியது. முதற் குறை அங்கேயே தீர்ந்தது. கடையில் வழக்கமான எண் கிடைக்காமல் கனமான ரீடை வாங்கியது முந்தைய ஆண்டுதான் என்பது பிறகு பேச்சுவாக்கில் வெளிவந்தது.

கட்டையில் உள்ள சுருதி

இனி மூன்றாம் குறை. கிளாரினெட்டின் உடலில் ‘எச்.பி.’ என்ற இரு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவர் அதைக் கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தார். அது ‘ஹை பிட்ச்’, அதாவது உயர் சுருதி, என்பதன் குறி. இன்று உலகெங்கும் அடிப்படைச் சுருதியாகக் கொள்ளப்படுவது 440 அதிர்வுகள். பிரிட்டிஷ் இராணுவ பேண்டுகளோ 1920களின் இறுதி வரை 452.5 என்ற சுருதியில் வாசித்துவந்தன. அந்தச் சுருதிக்கென்று செய்யப்பட்ட வாத்தியங்கள் நம் நாட்டில் இன்னும் புழங்குகின்றன. கைபேசியில் உள்ள சுருதி காட்டும் செயலியைக் கொண்டு பார்த்தபோது, அடிச்சுரம் 147க்குப் பதிலாக 151 என்று வந்தது. வேறுபாடு 2.8 சதவீதம், ஏறத்தாழ அரை சுரஸ்தானத்தில் சரிபாதி. காதுள்ள எவருக்கும் அது உறுத்தும்.

ஊதுமுனையைச் சற்று வெளியே இழுத்துவைத்தால் குழாய் நீண்டு சுருதி இறங்காதா என்று வாசகர் கேட்கலாம். இறங்கும். ஆனால் எல்லாச் சுரங்களுக்கும் ஒரே விகிதத்தில் இறங்காது. எல்லாத் துளைகளையும் மூடிய அடிச்சுரத்துக்கு இந்த வாத்தியத்தின் பயனுறு நீளம் சுமார் 57 செ.மீ.; விரல்களை எல்லாம் எடுத்துவிட்ட சுரத்துக்கு வெறும் 24 செ.மீ. அடிச்சுரத்தை 2.8 சதவீதம் இறக்க 1.6 செ.மீ. இழுக்க வேண்டும். அதே 1.6 செ.மீ., 24 செ.மீ.யில் 6.7 சதவீதம் ஆகிறது. அரை சுரஸ்தானம் என்பதே 5.9 சதவீதந்தான்! கீழே சேர்ந்தால் மேலே சேராது. முகத்தைத் தேய்ப்பதனால் குழாயின் நீளம் மாறப்போவதில்லை. உள்ளறையின் கொள்ளளவு மாறுவதும் மிகச் சொற்பம். இந்தக் குறைக்கும் தேய்ப்புக்கும் தொடர்பே இல்லை.

எபொனைட்டின் குணம்

எஞ்சியது பிசிறு. அதற்குப் போகுமுன் ஊதுமுனை செய்யப்பட்ட பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியில் கம்பளியில் தேய்த்து மின்னூட்டம் காட்டிய கருப்புத் தண்டை நினைவிருக்கும், அதே எபொனைட்தான். நூறு பங்கு ரப்பருடன் முப்பது, நாற்பது பங்கு கந்தகம் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் கொம்பு போன்ற இந்தக் கடினப் பொருள் கிடைக்கிறது. 1851இல் அமெரிக்காவில் நெல்சன் குட்இயர் இதற்கு உரிமம் பெற்றார். ரப்பரைக் கந்தகத்தால் பதப்படுத்தும் வழியைக் கண்டறிந்த சார்லஸ் குட்இயரின் தம்பி அவர். மரத்தாலான பழைய ஊதுமுனைகள் எச்சில் ஈரத்தில் ஊறி வளைந்துவிடும்; எபொனைட் அந்தத் தொல்லையை ஒழித்தது.

ஆனால் அதற்கும் பகைவர்கள் உண்டு. வெளிச்சத்திலும் காற்றிலும் கிடந்தால் மேற்பரப்பிலுள்ள கந்தகம் ஆக்சிஜனுடன் சேர்ந்து, நிறம் பச்சையும் பழுப்புமாக மாறும். வாயில் வைத்தால் புளிப்பும் கந்தக நாற்றமும் அடிக்கும. வெந்நீரில் கழுவினால் நிறமாற்றம் இன்னும் விரைவாகும். வெப்பத்தில் இளகுவது அடுத்த குணம். பெரம்பலூர் சித்திரை வெயிலில், கதவடைத்த வேனுக்குள், ரீடை இறுக்கிய வளையத்தோடு ஊதுமுனையை விட்டுச் சென்றால், நாளடைவில் மேடை நடுவில் குழிந்துவிட வாய்ப்பு உண்டு. மேடை கோணினால் ரீடு சரியாகப் பதியாது. ஓரங்களில் காற்று கசியும்.

கசிவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. நனைத்த ரீடைப் பொருத்தி, ஊதுமுனையின் அடித்துளையை உள்ளங்கையால் அடைத்து, நுனிப் பக்கமாகக் காற்றை உறிஞ்சுங்கள். ரீடு மூடிக்கொண்டு, வாயை எடுத்த பின்னும் ஓரிரு வினாடிகள் அப்படியே நின்று, பிறகு ‘டப்’ என்று திறந்தால் கசிவு இல்லை. உடனே திறந்துவிட்டால் ரீடையோ மேடையையோ சந்தேகிக்கலாம். இரண்டு மூன்று ரீடுகளை மாற்றிப் பார்த்துவிட்டே மேடையின் மேல் குற்றம் சாட்ட வேண்டும்.

தாள் தாளாக அளத்தல்

முகத்தின் வளைவை அளக்கும் கருவி மிக எளியது. அரை மில்லிமீட்டருக்கு ஒரு கோடு கீறிய தட்டையான கண்ணாடித் துண்டை மேடையின் மீதும் கரைகளின் மீதும் படும்படி வைக்க வேண்டும். நுனிப் பக்கத்திலிருந்து, கனம் தெரிந்த மெல்லிய எஃகுத் தகட்டை இடைவெளிக்குள் மெதுவாக நழுவ விட வேண்டும். எந்தக் கோட்டில் அது இரு கரையிலும் தடைபட்டு நிற்கிறதோ, அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அழுத்தித் தள்ளலாகாது, தகட்டின் சொந்த எடையே போதும்.

அந்த எஃகுத் தகடுகளுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. அரியலூரின் சிமெண்டு லாரிகளுக்கு டேப்பெட் இடைவெளி வைக்கும் மெக்கானிக்குகளிடம் ‘ஃபீலர் கேஜ்’ என்ற பெயரில் விசிறி போல மடித்து இருக்கும். நாங்கள் அதைத்தான் இரவல் வாங்கினோம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கத்தான் நேரமாயிற்று. நுனி இடைவெளியை மட்டும் சோதனைச்சாலையின் நகரும் நுண்ணோக்கியால் அளந்தோம்; அதன் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்பதால் இந்த வேலைக்குத் தாராளம்.

கிடைத்த அளவுகள் இவை. நுனி இடைவெளி 1.05 மி.மீ. தகடு 0.86 மி.மீ.: இரு கரையிலும் நுனியிலிருந்து 3 மி.மீ.யில் நின்றது. தகடு 0.61: இரு கரையிலும் 6.5. தகடு 0.25: இடக்கரையில் 11.5, வலக்கரையில் 11. மிக மெல்லிய 0.04 தகடு: இடக்கரையில் 17, வலக்கரையில் 15.5. மேடையின் மீது எஃகு அளவுகோலின் விளிம்பை நிறுத்தி ஜன்னலை நோக்கிப் பிடித்தபோது, நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தது.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? நுனியை ஒட்டிய பாதி வளைவு, பல்லாண்டு உழைப்புக்குப் பிறகும் மிக நேர்த்தியாக இருக்கிறது. அதைத் தொடுவது பாவம். வேறுபாடு வளைவு தொடங்கும் இடத்தில் மட்டும். ரீடு மூடும்போது கதவு சாத்துவது போல ஒரே அடியாக அடிப்பதில்லை. பாயைச் சுருட்டி விரிப்பது போல, வளைவின் மேல் அடியிலிருந்து நுனி நோக்கி உருண்டு படிகிறது. படியப் படிய அதிரும் பகுதி குறுகி விறைப்பு கூடுகிறது. இரு கரையும் ஒரே இடத்தில் தொடங்கினால் ரீடு நேராகப் படியும். ஒரு கரை 1.5 மி.மீ. முன்பின்னாக இருந்தால், படியும்போது ரீடு சற்றே முறுகுகிறது. ரீடுக்கென்று சொந்த அதிர்வெண் உண்டு. அது வினாடிக்கு 2000, 3000 என்ற அளவில் இருக்கும். இதழ் அதை அடக்கி வைத்திருக்கிறது. முறுக்கு சேர்ந்தால் அந்த அடக்கம் சில வேளை தப்புகிறது. தப்பிய கணத்தில் குழாயின் சொல்லைக் கேளாமல் ரீடு தன் சொந்தக் குரலில் கத்துகிறது. பிசிறு என்பது அதுதான்.

பிசிறுக்கும் முதலில் ரீடு வைத்தியமே செய்தோம். ரீடை ஒரு மயிரிழை பக்கவாட்டில் நகர்த்தி வைத்ததில் பாதி குறைந்தது. புதிய ரீடுகள் நான்கில் மூன்று, மேல் ஸ்தாயியில் இன்னும் பிசிறின. ரீடுகளுக்குள் குறை இருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பிசிற வேண்டும். இங்கே எல்லாம் ஒரே சுரங்களில் பிசிறின. மேடையிலோ கசிவு இல்லை. உறிஞ்சும் சோதனையில் ரீடு மூன்று வினாடி நின்றது. எனவே அந்த மயிரிழைக் குழிவைச் சமன் செய்ய வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். சில தயாரிப்பாளர்கள் மேடையை வேண்டுமென்றே சற்றுக் குழிவாக விடுவதும் உண்டு. போதாக்குறைக்கு, மேடையைத் தேய்த்தால் ரீடு ஊதுமுனையின் உட்கூரையை நெருங்கும், நுனி இடைவெளி குறையும்; அதை ஈடுகட்ட வளைவைத் தேய்க்க வேண்டும்; வளைவைத் தேய்த்தால் நுனிக்கரை தடிக்கும்; அதை மெலிதாக்க உட்கூரையை அரம் போட வேண்டும். ஒன்றைத் தொட்டால் நான்கைத் தொட வேண்டிய வேலை இது. பாதி வழியில் ‘பழையபடி இருந்தால் போதும்’ என்று தோன்றினாலும் திரும்ப வழி கிடையாது.

ஆக, மூன்று குறைகளில் தேய்ப்பு வேண்டியது ஒன்றுக்கு மட்டும். அதுவும் வலக்கரையின் தொடக்கத்தில், சில மில்லிமீட்டர் நீளத்துக்கு, 0.03 மி.மீ.க்கும் குறைவான ஆழத்துக்கு. நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. “இம்புட்டுக்கா சார்? கண்ணுக்கே தெரியாதே” என்றார். கண்ணுக்குத் தெரியும் அளவு தேய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை, அவருடைய மகன் காகிதத்தில் வளைவை வரைந்து காட்டி விளக்கினான். பையன் தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

கத்தி வைக்குமுன்

வேலையைத் தொடங்குமுன் மூன்று ஏற்பாடுகள் செய்துகொண்டோம். வைகாசி முகூர்த்தங்கள் முடியும் வரை ஊதுமுனையைத் தொடுவதில்லை. அதற்குள் சாதாரணப் புதிய ஊதுமுனை ஒன்றை வாங்கி அவர் பழகிக்கொள்ள வேண்டும். பிழைப்பு ஒரே ஒரு பழைய பொருளின் மேல் நிற்கும்போது அதன் மேல் பரிசோதனை நடத்தலாகாது. மூன்றாவது, பல் மருத்துவர்கள் பல்லுக்கு அச்சு எடுக்கும் குழைவுப் பொருளைக் கொண்டு முகத்துக்கும் உள்ளறைக்கும் ஓர் அச்சு எடுத்து, அளவுகளோடு பத்திரப்படுத்தினோம். தேய்ப்பு தவறிப் போனாலும், அந்த வளைவு எப்படி இருந்தது என்பதாவது மிஞ்சும். பழைய ஊதுமுனைகளின் வளைவுகளை நம் ஊர்களில் எவரேனும் இப்படி அளந்து குறித்து வைப்பார்களானால், நம் வாத்தியக்காரர்கள் எந்த முகத்தில் வாசித்தார்கள் என்பது பின்வருவோருக்குத் தெரியவரும்.

ஆனி மாதத்தில் அனுபவமுள்ள ஒரு கைவினைஞரிடம் வேலையை ஒப்படைத்து, நானும் உடன் இருந்தேன். தடித்த கண்ணாடிப் பலகையின் மீது மிக நுண்ணிய, 1000 எண் உப்புத்தாளைப் பரப்பி, நீர் தெளித்துக்கொண்டார். நீர் எதற்கென்றால், கந்தக நெடியுள்ள எபொனைட் தூள் காற்றில் பறந்து மூச்சில் ஏறாமல் இருக்க. ஊதுமுனையை வலப்பக்கம் சற்றே சாய்த்து, வளைவின் தொடக்கப் பகுதி மட்டும் படும்படி இழுத்தார். மூன்று இழுப்பு, துடைப்பு, அளவு. மறுபடி மூன்று இழுப்பு, அளவு. ஆறாம் இழுப்பில் வலக்கரை 16 காட்டியது. ஒன்பதாம் இழுப்பில் 16.5.

அங்கே நிறுத்தச் சொன்னேன். இடக்கரை 17இல் இருக்க, இன்னும் அரை மில்லிமீட்டர் பாக்கி இருக்கிறதே என்று அவர் தயங்கினார். எங்கள் கண்ணாடியின் மிகச் சிறிய பிரிவே அரை மில்லிமீட்டர்தான். தகட்டை இரண்டாம் முறை நழுவ விட்டால் அளவு அவ்வளவு முன்பின் ஆகும். அளக்க முடியாத வேற்றுமையைத் துரத்திக்கொண்டு பொருளைத் தேய்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. நுனி இடைவெளியை நுண்ணோக்கியில் மறுபடி பார்த்தோம்: அதே 1.05 மி.மீ. 2½ எண் ரீட்டைப் போட்டு அவர் மேல் ஸ்தாயியில் மூன்று முறை ஏறி இறங்கினார். பிசிறு இல்லை.

கீபோர்டு விவகாரம் தனியே தீர்ந்தது. இப்போதைய கீபோர்டுகள் பலவற்றில், அடிப்படைச் சுருதியை நுணுக்கமாக ஏற்றவும் இறக்கவும் ஒரு வசதி உண்டு. கிளாரினெட்டின் நீளத்தை மாற்ற முடியாது. கீபோர்டின் 440ஐ 452க்கு ஏற்ற அரை நிமிடம் போதும். கீபோர்டு வாசிக்கும் இளைஞர் அந்தப் பொத்தானை அதுவரை தொட்டதே இல்லையாம்.